மாடி வீடு வாடகைக்கு

பழகிய குடும்பத்துக்கு மாடி வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன். 11 மாத ஒப்பந்தம் எழுதினால் போதும்தானே? – வாசகி, மதுரை

போதாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, 11 மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். பழகியவர்கள் என்றால் இன்னும் அவசியம்; மனத்தாங்கல் வந்தபின் வாய்ப்பேச்சு நிற்காது.

முன்பணம் மூன்று மாத வாடகையோடு நிற்கட்டும்.

சாவி கொடுக்கும் நாளில் இருவருமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். மின்மீட்டர் அளவு, சமையலறைக் குழாயின் கசிவு, சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணி ஓட்டை, எல்லாவற்றையும் படமெடுத்து அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத் தகராறு வராது.

வாடகை பாக்கி விழுந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவிடாதீர்கள். சட்டம் அதைத் தடுக்கிறது, பாக்கிக்காரரே புகார்தாரர் ஆகிவிடுவார். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.