கண்ணில் பட்டதெல்லாம் நினைவைக் கலைக்குமா?

ஆசிரியை கரும்பலகையில் வரைந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, நோட்டில் வரையக் குனிகிறது பிள்ளை. அதற்குள் பக்கத்துப் பிள்ளையின் பென்சில் டப்பா, சன்னலுக்கு வெளியே போகும் ஆட்டோ என்று எத்தனையோ கண்ணில் பட்டுவிடுகின்றன. அந்தச் சில வினாடிகள் முக்கோணத்தை விடாமல் வைத்திருப்பதுதான் செயல்நினைவு. அதைப் பற்றிப் பரவலாக உள்ள மூன்று எண்ணங்கள் தவறானவை.

நம்பிக்கை 1: புதிதாக ஒன்றைப் பார்த்தால், மனதில் இருந்த காட்சி அழிந்துவிடும்.

உண்மை: அப்படி அழிவதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ரோசான் ரேடமேக்கர் குழுவினர் சாய்வான கோடுகளைச் சற்றே காட்டி மறைத்தார்கள். அந்தச் சாய்வை மனதில் வைத்திருப்பவர் கண்முன்னே வேறு சாய்வில் கோடுகளைக் காட்டினார்கள். மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில், பின்மண்டைப் பக்கமுள்ள பார்வைப் புறணியில் இரண்டு சாய்வுகளின் தடமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. உச்சந்தலையை ஒட்டிய பரைட்டல் பகுதியிலும் நினைவின் தடம் இருந்தது. ஆய்வு 2019இல் வெளியானது.

நம்பிக்கை 2: ஞாபகசக்தி மிகுந்தவரின் மூளையில் இடம் அதிகம்.

உண்மை: இடம் எல்லோருக்குமே குறைவுதான். எளிய உருவங்களென்றால் ஒரே நேரத்தில் சுமார் 4 என்று லக், வோகல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் காட்டினார்கள். வோகல் குழு 2005இல் இன்னொன்றைக் கண்டது. “சிவப்புக் கோடுகளை நினைவில் வையுங்கள், நீலத்தை விட்டுவிடுங்கள்” என்றார்கள். நினைவுத் திறன் கூடியவர்களின் மூளை அலைகளில் பெரும்பாலும் சிவப்பின் சுமை மட்டுமே தெரிந்தது. திறன் குறைந்தவர்களிடம் நீலமும் சேர்ந்து ஏறியிருந்தது. வேண்டாததை வாசலிலேயே நிறுத்துவதில்தான் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம்.

நம்பிக்கை 3: நினைவில் நின்றுவிட்டால், அச்சு அசலாக நிற்கும்.

உண்மை: இடையில் பார்த்தது நினைவைத் தன் பக்கம் இழுக்கும். மனதில் வைத்த சாய்வைத் திரும்பக் காட்டச் சொன்னால், இடையில் தெரிந்த கோட்டின் சாய்வை நோக்கி அது சற்றே நகர்ந்திருக்கும். காட்சி தொலையவில்லை, பிசகியிருக்கிறது. ஒன்றைக் கண்டேன் என்று நாம் உறுதியாகச் சொல்லும்போதும் இந்தப் பிசகு உள்ளே இருக்கலாம்.

பெற்றோர்களே, “இவனுக்கு ஞாபகசக்தியே இல்லை” என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். வேண்டாதது உள்ளே நுழையாதபடி, படிக்கும் நேரத்தில் டி.வி.யை அணையுங்கள், செல்போனை அடுத்த அறையில் வையுங்கள், மேசையில் அந்தப் பாடத்துக்கு வேண்டியதை மட்டும் விடுங்கள். ஞாபகசக்தி டானிக்குக்குப் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.