ஏஜென்சிக்குக் கிளம்புமுன்

அன்புள்ள கண்ணு,

படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வந்து விளம்பர ஏஜென்சியில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். வருவதற்கு முன்னால் ஊரிலேயே நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் நடிகரும் கேமராவும்தான் தெரியும். அதெல்லாம் கடைசியில் வருவது. பொருள் விற்பவர் தன் சிக்கலைச் சொல்வார். அதைக் கேட்டு வாங்கி வருவது கிளையன்ட் சர்வீசிங். வாசகம் காப்பிரைட்டருடையது, காட்சி ஆர்ட் டைரக்டருடையது. எந்தச் சேனல், எந்தப் பத்திரிகை, எந்த ஃபோன் திரை என்று பணத்தைப் பிரிப்பது மீடியா பிரிவு. ஊடகங்கள் தந்த 15 சதவீதக் கமிஷனில்தான் ஏஜென்சிகள் நெடுங்காலம் பிழைத்தன. இப்போது பலவும் கட்டணம் பேசி வாங்குகின்றன. எந்த வாசல் வழியாக நுழைவது என்று ரொம்பக் கவலைப்படாதே. விளம்பர உலகில் பெரிய பெயரான பியூஷ் பாண்டே 1982இல் ஓகில்வி ஏஜென்சியில் சேர்ந்தது கிளையன்ட் சர்வீசிங்கில். எழுத்துப் பக்கம் வந்தது பிறகுதான்.

சிக் ஷாம்பு கதையை மட்டும் நன்றாகப் படித்துக்கொள். 1983இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தொடங்கியது. ஷாம்பு பழக்கமே இல்லாத கிராமங்களுக்குப் போனார்கள். ஊரார் முன்னிலையில் ஒரு பையனுக்குத் தலை அலசிவிட்டு, தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். ரஜினி படம் போட்டு, நடுவே விளம்பரம் காட்டி, சாஷே இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்களுடைய இன்னொரு திட்டம்தான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது: எந்தக் கம்பெனியின் காலி சாஷேயாக இருந்தாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். அடுத்தவரின் வாடிக்கையாளர் தானாகக் கைக்கு வந்தார். பிறகு, சிக் சாஷே மட்டும்தான் என்று மாற்றினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமானது என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நடிகை அமலா விளம்பரத்தில் வந்தது அதற்கும் பிறகு. யார் வாங்குகிறார், ஏன் தயங்குகிறார் என்று ஊர் ஊராகப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். ஆட்டையாம்பட்டி முறுக்கு என்று எந்தக் கடையில் எழுதிப் போட்டாலும் விற்கிறது. நம் ஊர்ப்பெயர் எல்லோருக்கும் பொது. அப்படியிருக்க, வரிசையாகக் கடை இருக்கும்போது சிலர் ஒரே கடையைத் தேடிப் போகிறார்களே, ஏன்? பெரிய கம்பெனிகள் ஏஜென்சியிடம் கொண்டுவரும் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு ஓரமாக நில். கைமுறுக்கு சுற்றும் அக்காக்களிடம் பேசு. காரில் வருகிறவர் எதைக் கேட்கிறார், டவுன் பஸ் பிடிக்க ஓடுகிறவர் எதை வாங்குகிறார், நமுத்துப்போன பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவருக்குக் கடைக்காரர் என்ன பதில் சொல்கிறார் என்று குறித்துக்கொள். அதிலிருந்து ஒரு போர்டு, ஒரு வாட்ஸ்அப் போஸ்டர், ஆட்டோவில் ஒலிக்க ஒரு சின்ன அறிவிப்பு செய்து கொடு. விற்பனை கூடியதா என்று அவரிடமே கேட்டு அதையும் எழுதிவை, கூடாவிட்டாலும். இப்படி மூன்று கடைகளுக்குச் செய்த வேலை கையில் இருந்தால் நேர்காணலில் உன் டிகிரியைவிட அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

தொடக்கச் சம்பளம் சென்னை வாடகைக்கே இழுபறியாக இருக்கும். கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வா. அனுபவம் கிடைக்கும் என்று சொல்லி மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்கினால் ஒத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. சிறுதானிய முறுக்கு சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று போடச் சொல்லி ஒருநாள் யாராவது கேட்பார்கள். உணவு நோயைத் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதி. முதலில் விதியைக் காட்டிப் பேசு. கேட்காவிட்டால் எழுதாதே. அந்த வேலை போனாலும் பரவாயில்லை, என் வீட்டில் உனக்கு இடம் இருக்கிறது. அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் நம் தெருவிலேயே இருப்பார்.

முதல் கடையின் குறிப்புகள் முடிந்ததும் தபாலில் அனுப்பு. ஃபோனில் படித்தால் எனக்கு மனதில் நிற்பதில்லை.

அன்புடன்,
பெரியப்பா