கோளின் சுற்றுக் காலத்தைச் செய்நிரலால் காணல்

யொகான்னஸ் கெப்ளர் 1619 இல் வெளியிட்ட மூன்றாம் விதிப்படி, கோளொன்றின் சுற்றுக் காலத்தின் வர்க்கம், சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதசமமாகும். தூரத்தை வானியல் அலகிலும் காலத்தை ஆண்டிலும் எடுத்தால் இவ்விரண்டும் சமனாகும்.

போலிக்குறிமுறை:
தொடங்கு
தூரத்தை உள்ளிடு
கனம் = தூரம் × தூரம் × தூரம்
காலம் = கனத்தின் வர்க்கமூலம்
காலத்தைக் காட்டு
முடி

உதாரணம்: வியாழனுக்கு 5.2 ஐ உள்ளிடுக. கனம் 140.608, காலம் ஏறத்தாழ 11.86 ஆண்டுகள்.

கவனிக்க: தூரத்தைக் கிலோமீற்றரில் உள்ளிட்டாலும் வழுச் செய்தி வராது, பிழையான விடையே வரும். எனவே முதலில் புவியின் தூரத்தை உள்ளிட்டு, 1 ஆண்டு கிடைக்கின்றதா எனச் சோதியுங்கள். சந்திரன் புவியைச் சுற்றுவதால் அதற்கு இச்செய்நிரல் பொருந்தாது.

பயிற்சி: செவ்வாயின் தூரம் 1.52 வானியல் அலகு. அதன் சுற்றுக் காலம் யாது? (விடை: ஏறத்தாழ 1.87 ஆண்டுகள்)