எலும்பு தெரிகிற குதிரைக்குக் கொள்ளு வைக்காதீர்கள்

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழி. ஆனாலும் விலா எலும்பை எண்ணிவிடலாம் போன்ற ஒரு குதிரை புறவழிச்சாலை ஓரம் வந்து நின்றால், மனசு இளகியவர்கள் முதலில் அடுப்பில் ஏற்றுவது ஒரு படி கொள்ளைத்தான். குதிரை என்றால் கொள்ளு. அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை.

தஞ்சாவூர், கும்பகோணம் ரயிலடிகளில் ஜட்கா வண்டிகள் நின்ற காலத்தில் நாம் யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. லாடம் கட்டுபவர், புல் செதுக்கி விற்பவர், குதிரையின் நடையைப் பார்த்தே எந்தக் காலில் வலி என்று சொல்பவர் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். இன்று டெல்டாவில் குதிரை என்றால் காணும் பொங்கலன்று திருக்கடையூர் ரேக்ளா, இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஊர்வலம். நாடு முழுவதும் 2012ல் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரை தெரிந்தவர்களும் கூடவே போய்விட்டார்கள். நம்மிடம் மிச்சம் இருப்பது மாட்டறிவு. அதையே குதிரைக்கும் பொருத்திப் பார்க்கிறோம். மீட்டுக் கொண்டுவந்த குதிரை நம் கையிலேயே சாவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: பட்டினி கிடந்த குதிரைக்கு வயிறு நிறையப் போட்டால் தேறிவிடும்.

உண்மையில் இதில்தான் அதிகக் குதிரைகள் தப்பாமல் போகின்றன. வாரக்கணக்கில் தீனி இல்லாத உடம்பு முதலில் கொழுப்பையும் பிறகு தசையையும் எரித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கிட்டத்தட்ட வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து நிறைந்த தீனி உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று ஏறுகிறது. ரத்தத்தில் மிச்சமிருந்த தாது உப்புகளையும் செல்கள் இழுத்துக்கொள்கின்றன. இதயமும் மூச்சும் தடுமாறுகின்றன. சாவு பெரும்பாலும் முதல் வேளை தின்ற மூன்று முதல் ஐந்து நாளுக்குள் வருகிறது. அதனால்தான் "நேற்றுகூட நன்றாகத் தின்றதே" என்று கையைப் பிசைகிறோம். 1945ல் நாஜி முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட மனிதர்களில் பலரும் இப்படித்தான், உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள்.

பட்டினிக் குதிரைகளுக்கு எதைக் கொடுத்தால் பிழைக்கும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கரோலின் ஸ்டல் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தேறிய விடை, காய்ந்த குதிரைமசால். மாவுச்சத்து குறைவு, புரதமும் மக்னீசியமும் பாஸ்பரஸும் அதிகம். ஆனால் அளவு முக்கியம். 250 கிலோ இருக்க வேண்டிய நம் மட்டக்குதிரைக்கு முதல் மூன்று நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து, கால் கிலோ. கேட்கிறதே என்று இன்னொரு கைப்பிடி போடக்கூடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து நாளில் வேண்டிய அளவுக்கு வரலாம். தானியம் எதுவும் உடம்பு தேறத் தொடங்கிய பிறகு, வாரங்கள் கழித்துத்தான். கொள்ளுக்கும் ஒரு முறை வரும்; ஊறவைத்து, வேகவைத்து, கொஞ்சமாக.

தண்ணீர் நிற்கும் டெல்டாக் களிமண்ணில் குதிரைமசால் சரியாக வராது. கொங்கு வட்டாரத் தோட்டக்கால்களில் விளைவதைக் காய்ந்த கட்டாக வரவழைப்பதே வழி. அது வந்து சேரும்வரை அறுகம்புல் கை கொடுக்கும். குதிரை தன் பழைய எடைக்குத் திரும்ப மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும், சிலதற்கு அதற்கு மேலும் ஆகும். ஒரே மாதத்தில் பளபளவென்று ஆக்கிக் காட்டுகிறேன் என்பவரிடம் குதிரையை விடாதீர்கள்.

நம்பிக்கை: வைக்கோலும் தவிடும் மாட்டுக்கு ஆகிறதே, குதிரைக்கு ஆகாதா?

மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசைபோட நேரம். குதிரைக்கு ஒற்றை இரைப்பை, அதுவும் எட்டு முதல் பதினைந்து லிட்டர் பிடிக்கும் சின்னப் பை. நார் செரிப்பது பின்னால் பெருங்குடலில். உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. மணற்சத்தான சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோல் குடலில் அடைத்துக்கொண்டால் வயிற்றுவலி. காலால் தரையைப் பிறாண்டுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, உருளுவது எல்லாம் அதன் அறிகுறிகள், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டியவை. இயந்திர அறுவடைக்குப் பிறகு ஈரத்தோடு உருளையாகக் கட்டிய வைக்கோலில் பூஞ்சணமும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். படுக்கையாகப் போடுவதென்றாலும் காய்ந்ததைப் போடுங்கள்.

தவிட்டில் வேறு வகை ஆபத்து. அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. மாதக்கணக்கில் தவிடே தீனி என்றால் உடம்பு தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துச் சரிக்கட்டும்; முகத்து எலும்பு வீங்கும், கால் நொண்டும். கோ-4 போன்ற நேப்பியர் ஒட்டுப்புல்லில் இருக்கும் ஆக்சலேட்டும் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டு இதே இடத்தில் கொண்டுபோய் விடும். பால்மாட்டுக்காக அரசாங்கமே பரப்பிய நல்ல புல்தான், குதிரைக்கு மட்டும் அதையே நம்பியிருக்க முடியாது. அன்னதானத்தில் மிஞ்சிய சோறு, சாம்பார் சாதம், பொங்கல் இவற்றைக் குதிரைக்கு வைப்பது புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெருங்குடலில் அது புளித்து, அந்த விஷம் குளம்புக்கு இறங்கினால் குதிரை பிறகு நிற்கவே தவிக்கும்.

இந்தத் தப்பு நமக்குப் புதிதும் இல்லை. சோழராட்சி 1279 வாக்கில் முடிந்து காவிரி நாடும் பாண்டியர் கைக்குப் போன பிறகு, 1290களில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்ததாக எழுதுகிறார். ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சவில்லையாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வது வறுத்த பார்லி, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால். விருந்தாளிக்குப் படைப்பதுபோலப் படைத்திருக்கிறார்கள். குதிரை வைத்தியர்கள் இங்கே வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் மார்க்கோ போலோ சேர்த்துச் சொல்கிறார். செத்தால்தானே அடுத்த கப்பல் சரக்கு விற்கும்!

பிற்காலத்தில் சென்னை ராணுவத்தின் குதிரைப்படைக்கு ஒவ்வொரு நாளும் புல்லுக்காரர்கள் வேரோடு செதுக்கி, மண் உதறிக் கொடுத்தது அறுகம்புல். அது நம் வரப்பெல்லாம் கிடக்கிறது. ஒரே எச்சரிக்கை, பயிருக்கு மருந்தடித்த வரப்பில் அறுக்கக் கூடாது.

நம்பிக்கை: தஞ்சாவூர் மண்ணுக்கும் வெயிலுக்கும் குதிரை ஆகாது.

புகாரில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே பேசுகிறது. தஞ்சை மராட்டியர் லாயம் வைத்திருந்தார்கள். சரஸ்வதி மகால் நூலகத்தில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் இருக்கிறது, வண்ணப் படங்களோடு 1952ல் நூலகமே அதைப் பதிப்பித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி கோடிக்கரை. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் தன்னிச்சையாகத் திரியும் மட்டக்குதிரைகள் அங்கே வெளிமான்களுக்குப் பக்கத்தில் மேய்கின்றன. கொள்ளு இல்லை, லாடம் இல்லை. நாள் முழுக்க நடந்து நடந்து புல் கடிக்கின்றன, அடியில் மணல், முதுகில் பாரம் கிடையாது. அதற்காக நொண்டிக் குதிரையைக் கொண்டுபோய்க் கோடிக்கரையில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1967 முதல் அது சரணாலயம். கோடையில் அங்கே நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடு.

நம்பிக்கையில் ஒரு துளி உண்மை இருப்பது ஈரத்தில். ஐப்பசி, கார்த்திகையில் சேற்றிலேயே நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடி அழுகும், நாற்றம் வரும். உயர்த்திய தரையும் ஆற்று மணலும் போட்டு, தினமும் குளம்பைத் தூக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்தால் போதும். வெயிலைப் பொறுத்தவரை சட்டமே பேசுகிறது: வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 முதல் 3 வரை வண்டி இழுக்க வைக்கக் கூடாது என்பது 1965ல் வந்த மத்திய அரசின் விதி.

நம்பிக்கை: இளைப்புக்குக் காரணம் பட்டினிதான்.

பல் தேய்ந்தோ கூராகியோ இருந்தால் முன்னால் எவ்வளவு புல் கிடந்தாலும் குதிரை மென்று உருண்டையாகத் துப்பிவிடும். மாட்டு ஈ கடித்துப் பரப்பும் சர்ரா நோய் விட்டுவிட்டுக் காய்ச்சலும் சோகையும் தந்து, வயிற்றடியில் நீர் கோக்க வைத்து உடம்பை உருக்கும். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் அது பிடிபடாது. குடற்புழுவும் இருக்கலாம், ஆனால் நோஞ்சான் குதிரைக்கு வந்த அன்றே முழு அளவு புழுமருந்து கொடுப்பது கெடுதல். மூக்கில் சளி ஒழுகி, தோலில் கட்டிகள் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம், மனிதனுக்கும் தொற்றும். அதற்கான ரத்தப் பரிசோதனையை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் செய்கிறது. முடிவு வரும்வரை மீட்ட குதிரையைத் தனியாகக் கட்டுங்கள், தொட்டியும் வாளியும் தனி.

நம்பிக்கை: புண்ணுக்கு பெட்ரோல், நொண்டிக்குச் சூடு.

புழு வைத்த புண்ணில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஃபினாயிலோ ஊற்றினால் புழு சாகும், கூடவே ஆறத் தொடங்கிய சதையும் வெந்துபோகும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பு கலந்து பீய்ச்சிக் கழுவுவதே முதல் வைத்தியம். புழு எடுப்பதை மருத்துவரிடம் விடுங்கள். ஈ அண்டாமலிருக்கப் புண்ணைச் சுற்றி, புண்ணின் மேல் அல்ல, வேப்பெண்ணெய் தடவலாம். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை கிடையாது. தோலும் நரம்பும் எலும்பும்தான். அங்கே பட்ட காயம் மெதுவாகத்தான் ஆறும், சிலசமயம் செக்கச்செவேலென்று சதை வெளியே புடைத்து வளரும். அதைப் பார்த்து "நன்றாகச் சதை பிடிக்கிறது" என்று மகிழ்பவர்கள் உண்டு. அந்தச் சதை புண்ணை மூடவிடாது, மருத்துவர் அதைச் செதுக்கிக் கட்ட வேண்டும்.

எந்தக் காயமானாலும் முதல் நாளே டெட்டனஸ் ஊசி. வளர்ப்பு விலங்குகளில் அந்த நோய்க்குக் குதிரையைப்போல எளிதில் பலியாவது வேறில்லை. ஆணி குத்திய குளம்பு போதும். வயலில் பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். நாம் அதற்கு ஒரு ஊசி கடன்பட்டிருக்கிறோம்.

சூடு போடுவதை ஐரோப்பியர்களும் நெடுநாள் நம்பினார்கள். 1983ல் வெளிவந்த பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு, சூட்டால் தசைநாண் சீக்கிரம் ஆறுவதில்லை என்று காட்டியது. சூடு பட்ட குதிரை குணமானதுபோலத் தெரிவதற்குக் காரணம், அதற்குப் பிறகு அதை மாதக்கணக்கில் ஓட்டாமல் கட்டி வைப்பது. அந்த ஓய்வைச் சூடு இல்லாமலே கொடுக்கலாம்.

நம்பிக்கை: கால் ஒடிந்தால் சுட வேண்டியதுதான்.

எந்த எலும்பு, எப்படி ஒடிந்தது, எடை எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 2006 மே மாதம் பந்தயத்தில் கால் நொறுங்கிய அமெரிக்கக் குதிரை பார்பரோவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு கூடி வந்தும் மற்றக் கால்களின் குளம்பு கெட்டு, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். ஐந்நூறு கிலோவை மூன்று காலில் தாங்க முடியாது என்பதுதான் சிக்கல். நம் மட்டக்குதிரை அதில் பாதி எடை. குட்டி என்றால் இன்னும் நல்லது. ஆகவே எக்ஸ்ரே எடுக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எடுத்த பிறகு மருத்துவர் வேண்டாம் என்றால் இழுத்தடிக்கவும் கூடாது.

சின்ன நம்பிக்கைகள் இரண்டு. குதிரை நின்றே தூங்கும், படுத்தால் முடிந்தது என்பார்கள். ஆழ்ந்த உறக்கத்துக்கு அது தினமும் சிறிது நேரம் படுத்தே ஆக வேண்டும். படுக்காத குதிரைக்குத்தான் எங்கோ வலி. கடிக்கிறது, உதைக்கிறது, சண்டிக் குதிரை என்று அடிப்பதும் தப்பு. முள் கடிவாளம் கிழித்த வாயும் சேணம் அறுத்த முதுகும் ஆறும்வரை அது அப்படித்தான் இருக்கும். ஒரே ஆள், ஒரே நேரத்தில், பக்கவாட்டிலிருந்து குரல் கொடுத்தபடி போய்ப் பழக்க வேண்டும்.

சாலையோரம் எலும்பு தெரிகிற ஒரு குதிரையைப் பார்த்தால் நிழலில் நிறுத்தி, வாளியில் தண்ணீர் வைத்து, 1962க்குக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அதுதான். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழியில் ஒரத்தநாட்டில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வளர்த்த குதிரையைப் பட்டினியில் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அடித்து முடமாக்கியவர் யார் என்று தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இருக்கிறது, ஐந்து ஆண்டு வரை சிறை. போலீசில் புகார் கொடுக்கும்போது மருத்துவரிடம் காயச் சான்று வாங்கி இணைத்து, அந்தப் பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.