எந்தப் பக்கமிருந்து எண்ணுவது?

சிகந்தராபாத் பத்மாராவ் நகரில் உள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு உங்களுள் சிலர் சென்றிருப்பீர்கள். வழிபாடு முடிந்து பிராகாரத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் தமிழில் உரையாடும்போது, "பையனுக்கு என்ன நட்சத்திரம்?" என்னும் வினா எப்போதேனும் உங்கள் செவியில் விழுந்திருக்கலாம். சொந்த ஊரில் வாழ்ந்த காலத்தில் இதற்கென்று தனியே தேடல் தேவைப்படவில்லை. யார் வீட்டில் பெண் இருக்கிறாள், யார் வீட்டில் பிள்ளை இருக்கிறான் என்பது அத்தைக்குத் தெரியும், மாமனுக்குத் தெரியும். பிழைப்பிற்காக வேற்று மாநிலத்தில் குடியேறிய குடும்பத்திற்கு அந்த அத்தையும் மாமனும் அருகில் இல்லை. அவர்கள் வாய்மொழியாக அறிந்திருந்ததை எண்ணும் எழுத்தும் சொல்ல வேண்டியதாயிற்று.

எண் என்றவுடன் கணினி நினைவிற்கு வரும். ஆனால் திருமணத்திற்குக் கணக்குப் பார்ப்பது கணினிக்கு மிக முந்தைய வழக்கம். சோதிடர் பார்க்கும் பத்துப் பொருத்தங்களுள் ஒன்று தினப் பொருத்தம். நட்சத்திரங்கள் 27. பெண்ணின் நட்சத்திரம் தொடங்கி ஆணின் நட்சத்திரம் வரை, இரண்டையும் சேர்த்து எண்ணுவர். வந்த தொகையை 9ஆல் வகுப்பர். மீதி 2, 4, 6, 8, 0 ஆகியவற்றுள் ஒன்றாயின் பொருத்தம் உண்டு என்பது பொது விதி, விலக்குகளும் உண்டு. நட்சத்திரம் இருவர் மனத்தின் ஒற்றுமையைக் காட்டும் என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு, கணக்கை மட்டும் கவனிப்போம்.

பெண்ணின் நட்சத்திரம் அசுவினி, ஆணின் நட்சத்திரம் ரோகிணி என்று கொள்வோம். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என எண்ணினால் 4. மீதியும் 4. பொருத்தம் உண்டு. இப்போது அதே இரு நட்சத்திரங்களை இடம் மாற்றுங்கள். பெண் ரோகிணி, ஆண் அசுவினி. ரோகிணியில் தொடங்கி ரேவதி வரை 24. மீண்டும் அசுவினியைச் சேர்த்தால் 25. அதனை 9ஆல் வகுக்க மீதி 7. பொருத்தம் இல்லை! நட்சத்திரங்கள் மாறவில்லை, எண்ணத் தொடங்கிய இடம் மாறியது. விடையும் மாறிவிட்டது.

நம் இலக்கண நூலும் பொருத்தத்தைப் பத்தாகவே வகுத்தது என்பது வியப்பிற்குரியது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியரிடையே அமைய வேண்டிய ஒப்புமைகளாகப் பிறப்பு, ஆண்டு, உருவம், செல்வம் முதலியவற்றைக் கூறுகிறது. இவற்றை இன்றைய விண்ணப்பப் படிவத்திலும் எழுதிவிடலாம். ஆனால் அப்பட்டியலில் நிறை, அருள், உணர்வு என்பனவும் உள்ளன. இவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதே நூலின் களவியல், தலைவனும் தலைவியும் ஒத்தவராய் இருத்தல் வேண்டும் என்கிறது. தலைவன் மேம்பட்டவனாயினும் தடையில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறது. தலைவி மேம்பட்டவளாயின் என்ன என்பதற்கு அங்கே பேச்சில்லை. மாப்பிள்ளை பெண்ணைவிட உயரமாகவும், வயதில் மூத்தவராகவும், கூடுதல் ஊதியம் பெறுபவராகவும் இருக்க வேண்டும் என்று இன்று தேடுவோர் அந்தப் பழைய வழியிலேயே எண்ணுகின்றனர்.

சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பயின்றவர். அமெரிக்காவில் கணினிப் பணியில் இருந்தபோது, 1997இல், அயலகத் தமிழருக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதன் பல பகுதிகளுள் மணமக்கள் பகுதியையே மக்கள் மிகுதியாக நாடினர். அதிலிருந்து வளர்ந்ததே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி. தம் துணைவியாரையும் அவர் அந்தத் தளத்தின் வழியாகவே கண்டடைந்தார். உறவினர் அருகில் இல்லாத குறையை முதலில் உணர்ந்தவர்கள் புலம்பெயர்ந்தவர்களே என்பதால், இம்முயற்சி அவர்களிடையே வேர்விட்டது இயல்பே.

இத்தகைய தளங்களில் தரவு சல்லடை போல வேலை செய்கிறது. 1,024 பேர் பதிந்துள்ளனர் என்க. நீங்கள் விதிக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் பாதிப் பேரை நீக்குமாயின், முதல் நிபந்தனைக்குப் பின் 512 பேர், அடுத்து 256 பேர் எனக் குறைந்து, பத்தாவது நிபந்தனைக்குப் பின் எஞ்சுபவர் ஒருவரே. அந்த ஒருவர் உங்களை விரும்புவாரா என்பதைச் சல்லடை அறியாது. அவரும் தம் பக்கத்தில் ஒரு சல்லடை வைத்திருப்பார் அல்லவா?

இரு பக்க விருப்பத்தையும் ஒருசேரக் கணக்கில் கொண்டவர்கள் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள். 1962இல் அவர்கள் வெளியிட்ட சிறு கட்டுரையைப் படிக்க உயர்கணிதம் வேண்டியதில்லை. நிரூபணம் முழுவதும் நடைமுறை மொழியிலேயே உள்ளது. கணிதம் என்றாலே அஞ்சுவோர் இதை நினைவில் கொள்ளலாம்.

அவர்கள் சொன்ன முறை இது. ஆண்கள் ஒவ்வொருவரும் தம் பட்டியலில் முதலில் உள்ள பெண்ணிடம் விருப்பத்தைத் தெரிவிக்கின்றனர். பலர் கேட்டால், பெண் அவர்களுள் தமக்கு மிகவும் பிடித்தவரை மட்டும் நிறுத்திவைத்து, மற்றவரை மறுத்துவிடுகிறார். நிறுத்திவைப்பது உறுதியளிப்பது ஆகாது. அவரினும் சிறந்தவர் பின்னர் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். மறுக்கப்பட்டவர் தம் பட்டியலில் அடுத்துள்ளவரிடம் செல்கிறார். இனி மறுப்பு இல்லை என்னும் நிலையில் ஆட்டம் முடிகிறது. அப்போது அமையும் இணைகள் நிலைத்தவை. அதாவது, தத்தம் துணையைவிட ஒருவரையொருவர் மிகுதியாக விரும்பி, இருவரும் விலகிச் சென்று சேரக்கூடிய ஓர் ஆணும் பெண்ணும் அங்கே இரார். துணையைத் தேடுவது மட்டுமன்றி, அந்த இணை குலையாதிருப்பதும் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. கபிலன் முதலில் விரும்புபவர் யாழினி, அடுத்துக் கயல்விழி. வளவன் முதலில் விரும்புபவர் கயல்விழி, அடுத்து யாழினி. யாழினிக்கு வளவன் முதல், கபிலன் அடுத்து. கயல்விழிக்குக் கபிலன் முதல், வளவன் அடுத்து. ஆண்கள் கேட்டால் கபிலனுக்கு யாழினி, வளவனுக்குக் கயல்விழி. இரு ஆண்களுக்கும் முதல் விருப்பம். இரு பெண்களுக்கும் இரண்டாம் விருப்பம். பெண்கள் கேட்டால் யாழினிக்கு வளவன், கயல்விழிக்குக் கபிலன். இப்போது பெண்களுக்கு முதல் விருப்பம் கிட்டுகிறது. இரண்டுமே நிலைத்த அமைப்புகள்தாம். எத்தனை பேர் இருப்பினும், கேட்கும் பக்கத்திற்கே நிலைத்த இணைகளுள் மிகச் சிறந்தது கிடைக்கும். காத்திருக்கும் பக்கத்திற்கு அவற்றுள் கடைசியானது கிடைக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. காத்திருப்பவருக்கு மறுக்கும் உரிமை இருந்தும் நிலைமை இதுவே.

இது ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளுக்கு ஒதுக்கும் முறையில் நெடுங்காலம் மருத்துவமனைகளே கேட்கும் பக்கமாக இருந்தன. ஆல்வின் ராத் என்னும் பொருளியலறிஞரின் ஆய்வுக்குப் பின், 1998 முதல் மருத்துவர்கள் கேட்கும் பக்கமாக மாற்றப்பட்டனர். ராத்தும் ஷாப்லியும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கேல் அதற்கு முன்பே, 2008இல், காலமாகிவிட்டார். நம் நாட்டில் 2015 முதல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை ஒன்றாகச் சேர்த்து ஒதுக்கும் முறையும் இவ்வடிப்படையில் அமைந்ததே. கந்தியில் உள்ள ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் சேர உங்கள் அண்ணனோ அக்காவோ விருப்பப் பட்டியல் நிரப்பும்போது, கேட்கும் பக்கத்தில் நிற்பது மாணவரே. அதனால்தான் உண்மையான விருப்ப வரிசையை அஞ்சாமல் எழுதலாம் என்கின்றனர்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பெண் பார்க்கும் சடங்கில் மாப்பிள்ளை வீட்டார் வருகின்றனர். பெண் காபித் தட்டுடன் வந்து நிற்கிறாள். அவர்கள் ஊர் திரும்பி, "பிறகு சொல்கிறோம்" என்கின்றனர். பெண்ணிடமும் சம்மதம் கேட்கப்படுவதுண்டு. இருப்பினும், கேட்கப்பட்டவருக்கு விடையளிப்பதும், தானே பட்டியல் எழுதி முதலில் கேட்பதும் ஒன்றல்ல என்று அந்த 1962ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. இணையத் தளத்தில் யார் வேண்டுமாயினும் முதலில் விருப்பம் தெரிவிக்கலாம். பொத்தான் இரு பக்கத்தாருக்கும் பொதுவானது. அதை அழுத்துவது மகளா, தந்தையா என்பது வீட்டிற்கு வீடு மாறுகிறது.

சொற்பொருள்
நிறை – மன அடக்கம்
அருள் – பிறரிடம் காட்டும் கனிவு
களவியல் – தலைவனும் தலைவியும் தாமே கண்டு காதல் கொள்வதைக் கூறும் பகுதி
தரவு – திரட்டி வைத்த செய்தி

பயிற்சி
1. பெண்ணின் நட்சத்திரம் பரணி, ஆணின் நட்சத்திரம் மிருகசீரிடம் (ரோகிணிக்கு அடுத்தது). தினப் பொருத்தம் காண்க. பின் இடம் மாற்றிக் காண்க.
2. இரு பக்கமிருந்து எண்ணினாலும் பொருத்தம் வரும் எண்ணிக்கைகள் 2 முதல் 27 வரையில் எவை?
3. மாறனின் விருப்ப வரிசை: யாழினி, கயல்விழி, முல்லை. செழியன்: யாழினி, முல்லை, கயல்விழி. வளவன்: கயல்விழி, யாழினி, முல்லை. யாழினியின் வரிசை: வளவன், செழியன், மாறன். கயல்விழி: மாறன், வளவன், செழியன். முல்லை: செழியன், மாறன், வளவன். ஆண்கள் கேட்டால் அமையும் இணைகளை எழுதுக. பெண்கள் கேட்டால் விடை மாறுகிறதா?
4. உங்கள் பாட்டியின் திருமணப் பேச்சை முதலில் தொடங்கியவர் யார் என்று வீட்டில் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.