பழைய பிஎஸ்பி வாங்குறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎஸ்பி வாங்கப் போறேன்னு சொன்னியே தம்பி, தாராளமா வாங்கு. 2004 டிசம்பர்ல ஜப்பான்ல சோனி இறக்கின, கையில வச்சு ஆடுற கேம் மெஷின் அது. 2014-லேயே விற்பனைக்கு அனுப்புறதை நிறுத்திட்டாங்க. அதனால இப்போ கிடைக்குறது பெரும்பாலும் யாரோ விளையாடித் தேய்ச்சதுதான். கலரைப் பார்த்து மயங்காம மாடல் நம்பரைப் பாரு.

1000 கனம், 280 கிராம். 2000 அதைவிட மெலிசு, ரேமும் இரண்டு மடங்கு. என்னைக் கேட்டா 3000 வாங்கு. ஸ்கிரீன்ல கலர் பளிச்சுனு இருக்கும், மைக் உள்ளேயே இருக்கு, சாதாரண ஏவி கேபிள்லயே டிவியில கேம் ஆடலாம். வேகமா நகரும்போது மெல்லிசா கோடு தெரியுதுன்னு சிலர் குறை சொல்வாங்க. எனக்கு அது பெரிசா படலை. 'பிஎஸ்பி கோ' பார்க்க அழகா இருக்கும், ஆனா டிஸ்க் போடவே இடம் கிடையாது. பிஎஸ்பியில இருந்தே கேம் வாங்குற ஆன்லைன் கடையும் மூடியாச்சு, அதை வச்சு என்ன பண்ணுவே? E1000-ல வைஃபை இல்லை. தனியா ஆடுறவங்களுக்கு அது போதும்.

கையில வாங்கினதும் பின்மூடியைத் தடவிப் பாரு. சரியா உட்காராம மேடா இருந்தா பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். அதைச் சார்ஜ்ல போடவே போடாதே. புது பேட்டரி வாங்கும்போது மாடலைச் சொல்லி வாங்கு. 1000-க்கான தடிமனான பேட்டரியைப் போட்டா 2000, 3000-ல மூடி மூடாது. இடப்பக்கக் குமிழை நாலா பக்கமும் நகர்த்தி விடு. விட்ட பிறகும் மெனு தானா ஓடினா விலையைக் குறைச்சுக் கேளு. யூஎம்டி டிஸ்க் ஒண்ணைப் போட்டு கேம் திறக்குற வரைக்கும் கடையிலேயே நில்லு.

டிஸ்க்ல எதுவும் எழுத முடியாது. ஆட்டத்தை எங்கே விட்டேங்குறது மெமரி ஸ்டிக் டியோவுலதான் சேவ் ஆகும். சாதாரண எஸ்டி கார்டு அந்த ஓட்டையில நுழையாது. மைக்ரோ எஸ்டி போடுற அடாப்டர் கிடைக்கும், அதை வாங்கிக்கோ. எந்த நாட்டு கேம் டிஸ்க்கும் டிஸ்க் போடுற எந்த பிஎஸ்பியிலும் ஓடும். ஜப்பான் பதிப்பு மலிவா கிடைக்குதேன்னு அள்ளிட்டு வந்துடாதே, கதை முழுக்க ஜப்பான் மொழியிலதான் இருக்கும்.

கேம்னா எல்லாரும் 'காட் ஆஃப் வார்', 'ஜிடிஏ'ன்னு ஆரம்பிப்பாங்க. அதெல்லாம் 18 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு, நீ பொறு. முதல்ல 'படபான்' ஆடு. சதுரப் பட்டன் 'பட', வட்டம் 'பான்'. பட-பட-பட-பான்னு தாளம் தப்பாம அழுத்தினா உன் குட்டிப் படை நாலு தட்டுக்கு முன்னேறும், பதிலுக்குப் பாடும். அது பாடி முடிக்குறதுக்குள்ள அவசரப்பட்டா காம்போ போச்சு. ஹெட்போன் போட்டுக்கோ, பட்டனைப் பார்க்காதே, காதை நம்பு. 'லோகோரோகோ'ல உருட்டுறதுக்கு எல், ஆர் ரெண்டே பட்டன். தட்டுல எண்ணெயைச் சாய்ச்சு உருட்டுற மாதிரி உலகத்தையே சாய்ச்சு உருண்டையை நகர்த்தணும். பஸ்ல ஆட 'லுமினெஸ்'. கூட்டாளிங்க கிட்டேயும் பிஎஸ்பி இருந்தா 'மான்ஸ்டர் ஹன்டர்', நாலு பேர் சேர்ந்து வேட்டை. குமிழ் ஒண்ணே ஒண்ணு, கேமராவைத் திருப்ப அம்புப் பட்டன். அதுக்காக விரலை மடக்கி மடக்கி வலி வந்துடும், நடுநடுவே கையை உதறு. வீட்டு ரவுட்டரோட இந்தப் பழைய வைஃபை பல சமயம் ஒட்டாது. பரவாயில்லை, மெஷினும் மெஷினும் நேரா பேசிக்கும், அதுக்கு இன்டர்நெட் வேண்டாம்.

பவர் ஸ்விட்சை லேசா மேலே தள்ளி விட்டா தூங்கும், ஆட்டம் அப்படியே நிற்கும். ஆனா தூக்கத்துலயும் சார்ஜ் இறங்கும். நாள் கணக்கா தொடப் போறதில்லைன்னா சேவ் பண்ணிட்டு, ஸ்விட்சை மேலேயே பிடிச்சு முழுசா அணை. கீழே தள்ளினா பட்டன் எல்லாம் பூட்டிக்கும். 'ஒரு பட்டனும் வேலை செய்யலை'ன்னு யாராவது மலிவா வித்தா, முதல்ல அந்த ஸ்விட்ச் எங்கே நிக்குதுன்னு பாரு.