குடிவருபவர் நாயோடு வந்தால்...
(அமெரிக்காவில் வீடு வாடகைக்கு விடுவோருக்கு)

'நாய், பூனை கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டாலும் பார்வையற்றவரின் வழிகாட்டி நாயைத் தடுக்க முடியாது. 1988-ல் திருத்தப்பட்ட நியாயமான வீட்டுவசதிச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிக்கு உதவும் விலங்கு செல்லப்பிராணிக் கணக்கில் வராது. அதற்கெனத் தனி டெபாசிட்டோ, மாதாமாதம் 'பெட் ரென்ட்'டோ வாங்கக் கூடாது.

குறைபாடு வெளியே தெரியாதபோது, தேவையை உறுதிசெய்யும் கடிதம் கேட்கலாம். என்ன நோய், என்ன மாத்திரை என்று துருவ வேண்டாம். இணையத்தில் காசு கொடுத்தால் கழுத்தட்டையும் சான்றிதழும் வீடு தேடி வரும். உதவி விலங்குகளுக்கென மத்திய அரசுப் பதிவேடு எதுவும் இல்லை. ஆகவே அட்டை இல்லையே என்று அடம்பிடிப்பதும் வீண், அட்டையைப் பார்த்து மயங்குவதும் வீண்.

சேதம் வந்தால், எல்லோரிடமும் வாங்கும் வழக்கமான டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். சாவி கொடுக்கும் அன்றே கதவின் அடிப்பகுதி, கார்பெட் மூலைகள், ஜன்னல் வலை ஆகியவற்றைக் கிட்டத்தில் படமெடுத்து, இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள்.

நீங்களும் குடியிருக்கிற, நான்கு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கு இந்தச் சட்டத்திலிருந்து பொதுவாக விலக்கு உண்டு. ஆனாலும் மாநிலச் சட்டம் கடுமையாக இருக்கலாம். மறுக்கும் முன் விசாரியுங்கள்.